'ஓட ஓட சரியாயிடும்'னா நம்பாதீங்க பாஸ்!

புது செருப்பு கடிக்கும், ரெண்டு நாள்ல பழகிடும். புது ஜீன்ஸ் இறுக்கும், துவைக்கத் துவைக்கத் தளர்ந்திடும். ஆனா, புது ஆக்ஸிலேட்டர் கேபிள் டைட்டா இருந்தா? 'ஓட ஓட சரியாயிடும்'னு யார் சொன்னாலும் வண்டியை எடுக்காதீங்க. ஏன்னு சொல்றேன்.

எங்க வீட்ல அப்பாவோட பழைய கார்புரேட்டர் பைக் ஒண்ணு இருக்கு. வீடு முத்தியால்பேட்டை. புதுச்சேரி உப்புக் காத்துல இரும்புன்னு பேர் வெச்ச எதுவும் நிம்மதியா இருக்க முடியாதே! கேபிள் முனை துருப்பிடிச்சு, ஒவ்வொரு இழையா பிஞ்சு போச்சு. ஒரு ஒர்க்‌ஷாப்ல புதுசு மாட்டினாங்க. "டைட்டா இருக்கே"ன்னு அப்பா கேட்டதுக்கு வந்த பதில்தான் மேல சொன்ன அந்த வசனம்.

அன்னிக்கு சாயங்காலம் இந்திரா காந்தி சிலை சிக்னல். அப்பா கையை விட்டும் கிரிப் திரும்பலை. இன்ஜின் உறுமிட்டே இருக்கு. முன்னாடி ஸ்கூல் பசங்க நிரம்பின ஆட்டோ. கிளட்சைப் பிடிச்சு, பிரேக் போட்டு, சாவியைத் திருப்பி நிறுத்தியிருக்கார். ராத்திரி சாப்பிடும்போது இதைச் சாதாரணமா சொன்னார். அம்மா கரண்டியைக் கீழ வெச்சுட்டாங்க.

மறுநாள் ஞாயிறு. வண்டியை சென்டர் ஸ்டாண்ட் போட்டு உக்காந்தேன்.

இதுக்குப் பேர் போடன் கேபிள். 1890-கள்ல எர்னஸ்ட் போடன் பேட்டன்ட் வாங்கின சமாச்சாரம். வெளிக்குழாய் அசையாது, உள்ளே இருக்கிற கம்பி மட்டும் இழுபடும். முறுக்குறது நம்ம கை. திருப்பிக் கொண்டு வர்றது கார்புரேட்டருக்குள்ள இருக்கிற ஸ்பிரிங். அதனால, உராய்வு கூடினா மணிக்கட்டு வலிக்கிறதோட முடியாது. ஸ்பிரிங்கும் தோத்துப் போகும்.

ஃபர்ஸ்ட் இயர் இன்ஜினீயரிங் மெக்கானிக்ஸ்ல 'பெல்ட் ஃப்ரிக்‌ஷன்'னு ஒரு சாப்டர் தூங்கிட்டே படிச்சிருப்பீங்களே, அதே கணக்குதான் இங்கேயும். உராய்வுக் கெழு 0.15-ன்னு வெச்சுக்கங்க. கேபிளோட வளைவுகளைக் கூட்டினா 180 டிகிரி வந்தா, 1.6 மடங்கு பலமா இழுக்கணும். 360 டிகிரின்னா, 2.6 மடங்கு! திரும்பும்போது கதை தலைகீழ். ஸ்பிரிங் இழுப்புல பாதிகூட கிரிப்புக்கு வந்து சேராது. நம்ம புல்வாருக்குள்ள தெருவெல்லாம் ஸ்கேல் வெச்சு வரைஞ்ச மாதிரி இருக்கே, கேபிளுக்கும் அப்படிப்பட்ட ரூட்தான் பிடிக்கும்.

சரி, கோளாறு எங்கேன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? பிரிச்சுப் பிரிச்சுப் பாருங்க.

முதல்ல கேபிளை கார்புரேட்டர் பக்கம் கழட்டுங்க. ஸ்லைடை விரலால தூக்கி விட்டா, லேசா இறங்கணும். இறங்கினா கார்புரேட்டர் நிரபராதி.

அடுத்து கிரிப் பக்கம் கழட்டுங்க. கிரிப் தனியா வழுக்கிட்டு சுத்தணும். சுத்தலைன்னா உள்ளே அழுக்கு இருக்கலாம், ஸ்விட்ச் பாக்ஸ் ஸ்க்ரூ ஓவர் டைட்டா இருக்கலாம், கிரிப் ஹேண்டில்பார் முனையில உரசலாம்.

ரெண்டும் ஓகேன்னா குற்றவாளி கேபிள், இல்லைன்னா அது போற பாதை.

எங்க கேஸ்ல ரெண்டும் ஓகே. டேங்கைத் தூக்கினா, ஹேண்டில் கழுத்துக்குத் தப்பான பக்கமா சுத்தி வந்து, டேங்குக்கு அடியில நசுங்கிக் கிடந்தது புது கேபிள். நல்லவேளை, உள்ளே அடிபடலை. சரியான பக்கமா, பெரிய வளைவா மாத்தி விட்டேன். ஒரு சொட்டு எண்ணெய்கூட விடலை. முறுக்கி விட்டதும், 'டக்'!

கடைசியா ஒரு டெஸ்ட். நியூட்ரல்ல ஐடிலிங் ஓடும்போது ஹேண்டிலை இடக்கோடி, வலக்கோடி வரை திருப்புங்க. இன்ஜின் சத்தம் ஏறினா, கேபிள் எங்கேயோ இழுபடுதுன்னு அர்த்தம். கிரிப்ல சில மில்லிமீட்டர் ஃப்ரீ ப்ளே இருக்கணும். சரியான அளவு மேனுவல்ல இருக்கும்.

2020-ல பி.எஸ்.6 வந்து, பெரும்பாலான புது பைக்ல கார்புரேட்டர் போய் ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் வந்தாச்சு. ஆனா, பல வண்டிகள்ல கேபிளும் ஸ்பிரிங்கும் இன்னும் இருக்கு. அதனால, அடுத்த தடவை கேபிள் மாத்தினா, காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு முழுசா முறுக்கி விடுங்க. 'டக்'குன்னு திரும்பினா மட்டும் பர்ஸைத் திறங்க!