மறதியும் மௌனமும்

நினைவு தடுமாறுவதும் குரல் அடங்குவதும் மனிதரின் முதுமைக்கு மட்டும் உரியவை அல்ல; மனிதர் படைத்த பொறிகளுக்கும் அவை நேர்கின்றன. உயிரற்ற ஒன்றின் மறதியையும் மௌனத்தையும் ஆராய்ந்து தீர்க்கும் வழி, உயிருள்ளவரை அணுகும் வழியையும் ஓரளவு கற்பிக்கின்றது.

நாணயம் இட்டு விளையாடும் பழைய ஆட்டப் பொறிகளுள் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' பெயர்பெற்றது. ஜப்பானில் டைட்டோ நிறுவனத்துக்காக தொமோகிரோ நிஷிகாடோ என்பவர் வடிவமைக்க, 1978-ஆம் ஆண்டு அது வெளிவந்தது. அமெரிக்காவில் மிட்வே நிறுவனம் அதைத் தயாரித்தது. வேற்றுலகப் படையினர் 55 பேர் ஐந்து வரிசைகளாகத் திரையில் இறங்கி வருவர். அவர்தம் நடைக்கேற்ப நான்கு தாழ்ந்த சுரங்கள் மாறி மாறி ஒலிக்கும். படை குறையக் குறைய அந்நடை விரைவுறும். ஆடுபவரின் நெஞ்சத் துடிப்பும் உடன் விரையும்.

இத்தகைய பொறி ஒன்றின் மின்சுற்றுப் பலகையை நண்பர் ஒருவரும் நாமும் சில மாலைப்பொழுதுகள் பரிசோதித்தோம். திரையில் சீரான இடைவெளியில் கோடுகள் ஓடின. படையின் காலடி ஒலியோ கேட்கவே இல்லை. 'இதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிய பலகை ஒன்றைப் பொருத்துங்கள்' என்றே பலரும் அறிவுரை கூறினர். அது எளிய வழிதான். ஆயினும், பழுது எங்கே என்று அறியாமலே எறிந்துவிட நமக்கு மனம் ஒப்பவில்லை.

அப்பொறியின் நினைவகம் 8,192 பைட்டுகளே கொண்டது. அவற்றுள் 7,168 திரையின் புள்ளிகளைத் தாங்குகின்றன. எஞ்சிய 1,024 பைட்டுகளில்தான் ஆட்டத்தின் கணக்கெல்லாம் அடங்குகின்றது. இவை அனைத்தும் 16 சிறிய ஐ.சி.களில் பகிர்ந்து வைக்கப்பட்டுள்ளன. அவற்றின் ஒவ்வொரு நினைவறையும் மிகச் சிறிய மின்னூட்டத்தை ஏந்தி நிற்பது. அம்மின்னூட்டம் தானே கசிந்துவிடும் இயல்புடையது. ஆதலால், ஒரு நொடியின் ஆயிரத்தில் இரண்டு பங்கு நேரத்துக்குள் அதை மீண்டும் படித்து, மீண்டும் எழுதியாக வேண்டும். இல்லையேல் அந்த நினைவு உறுதியாய் நிலைக்காது.

'ஒரே திருப்பலியை நாள்தோறும் ஏன் நிறைவேற்ற வேண்டும்? ஒருமுறை கேட்டது போதாதா?' என்று இளையோர் சிலர் வினவுவதுண்டு. நினைவு என்பது பெட்டியில் பூட்டி வைக்கும் பொருள் அன்று. நினைவுகூரப்படுவதாலேயே அது நிலைக்கின்றது என்பதைத் தவிர வேறென்ன விடை கூறுவோம்?

பழுதைத் தேடுவோர் முதலில் ஐ.சி.யைக் குறை கூறுவதில்லை. மல்டிமீட்டரைக் கொண்டு மின்னழுத்தத்தையே அளப்பர். இந்த நினைவகத்துக்கு 12 வோல்ட், 5 வோல்ட், எதிர்மின் 5 வோல்ட் என மூவகை மின்னழுத்தம் தேவை. எதிர்மின் 5 வோல்ட் வராத நிலையில் மின்சாரம் பாய்ந்தால் நல்ல ஐ.சி.யும் கெட்டுப்போகும். பாடம் மனத்தில் ஏறாத பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன், அவன் காலையில் உண்டானா என்று கேட்கும் ஆசிரியரை அப்போது நன்றியோடு நினைத்தோம்.

மின்னழுத்தம் சரியாக இருந்தது. இனிக் கோடுகளே வழிகாட்டின. ஒரு பைட்டின் எட்டுப் பிட்டுகளும் தனித்தனி ஐ.சி.களில் உறைவதால், அவற்றுள் ஒன்று தவறினால் அது ஏந்தும் புள்ளிகள் மட்டும் திரையில் வரிசையாகத் தவறும். எனவே கோட்டின் இடத்தைக் கொண்டே குற்றவாளியைக் கண்டறியலாம். ஐயத்தின்பேரில் பதினாறையும் பிடுங்குவது பேதைமை. ஒவ்வொரு முறை ஈயப்பற்றை உருக்கும்போதும் பலகையின் மெல்லிய செப்புத் தடம் பெயர்ந்துவிடக்கூடும். களையைப் பறிக்கும் அவசரத்தில் கோதுமையையும் பிடுங்கிவிடலாகாது என்னும் நற்செய்தி உவமையின் பொருள் அன்று நமக்குக் கண்கூடாயிற்று. பழுதான ஒன்றே ஒன்றை மாற்றினோம், கோடுகள் மறைந்தன.

அடுத்தது மௌனம். இப்பொறியில் குண்டொலி, வெடியொலி, காலடியொலி ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சுற்றுகள் உண்டு. பறக்கும் தட்டின் ஒலிக்குத் தனி ஐ.சி.யே உண்டு. எல்லாம் இறுதியில் ஒரே ஒலிபெருக்கியில் சேர்கின்றன. அனைத்தும் அடங்கினால் பொதுவழியைப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் அடங்கினால் அதன் தனிவழியைப் பார்க்க வேண்டும். இங்கே குண்டொலி தெளிவாகக் கேட்டது. ஆகவே ஒலிபெருக்கியில் குற்றமில்லை. காலடியொலிச் சுற்றில், ஆண்டுகள் பல கடந்து உள்ளீரம் வற்றிப்போன ஒரு மின்தேக்கியே காரணம். விரல்நுனி அளவுள்ள அதை மாற்றியதும் அந்த நான்கு சுரங்களும் அறையை நிறைத்தன.

முதியவர் ஒருவர் தம் பேரப்பிள்ளையின் பெயரை மறந்திருப்பார். செபமாலையைக் கையில் கொடுத்தால் ஒரு மறையுண்மையும் தவறாமல் சொல்லி முடிப்பார். பங்கில் ஒருவர் கூட்டங்களில் வாயே திறவார். நோயுற்றோர் இல்லத்தில் மணிக்கணக்கில் ஆறுதல் பேசுவார். 'அவருக்கு நினைவே இல்லை', 'அவர் ஒன்றும் பேசமாட்டார்' என்று ஒரே சொல்லில் முழு மனிதரையும் ஒதுக்கிவிடுவது எவ்வளவு எளிதாகிவிட்டது! எந்த இடத்தில் நின்றது, எந்த இடத்தில் இன்னும் ஒலிக்கிறது என்று கேட்கும் பொறுமையே குறைந்துவிட்டது.

பொறிக்கு மாற்றுப் பலகை கிடைக்கும். மனிதருக்கு மாற்று மனிதர் இல்லை. ஆதலின், நம் இல்லங்களில் மறதியும் மௌனமும் குடிபுகும்போது, தீர்ப்பிடுமுன் சற்றே அருகமர்ந்து செவிசாய்ப்போம். முற்றும் அடங்கிவிட்டதாக நாம் எண்ணும் உள்ளத்தில் ஏதேனும் ஒரு சுரம் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கலாம்.