பினாங்கு தீவில் குறைந்த செலவில், வயிறு கெடாமல் சாப்பிடுவது எப்படி?



"டாக்டர், குடும்பத்தோட டூர் போறோம். வெளிய சாப்பிட்டா வயித்துக்கு ஆகாது. தங்குற ஓட்டல்லயே சாப்பிட்டுக்கலாம்ல?"

லீவு சீசன் வந்துட்டா ஓ.பி.யில் அடிக்கடி கேட்கிற கேள்வி இது.

இந்தக் கேள்விக்குள்ள ரெண்டு பயம் இருக்கு. ஒண்ணு காசு. இன்னொண்ணு வயிறு. ஒண்ணைக் காப்பாத்தணும்னா இன்னொண்ணை விட்டுடணும்னு நினைக்கிறோம். ரோட்டுக்கடைன்னா மலிவு, ஆனா பேதி. பெரிய ஓட்டல்னா விலை, ஆனா பாதுகாப்பு.

இந்தக் கணக்கு பல நேரம் தப்பு. ஏன் தப்புன்னு, நான் குடும்பத்தோட போயிட்டு வந்த பினாங்கை வச்சே சொல்றேன்.

பினாங்கு மலேசியாவின் வடமேற்கில் இருக்கிற தீவு. தலைநகரம் ஜார்ஜ் டவுன். அதன் பழைய நகரப் பகுதி 2008ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம்னு மலேசியா அறிவிச்சது. (டிக்கெட் போடும் முன் அன்றைய விதியைப் பார்த்துக்கோங்க.)

நாங்க அஞ்சு பேர். அப்பா, அம்மா, மனைவி, ஆறு வயசு மகள், நான்.

அம்மா முதல்ல வரமாட்டேன்னுட்டாங்க. 14 வருஷமா சர்க்கரை. "நீங்க போயிட்டு வாங்கப்பா. அங்க எனக்கு என்ன கிடைக்கும்? உனக்கு வேற வீண் செலவு"ன்னு ஒரே பேச்சு.

செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தங்கின ஓட்டலில் காலை பஃபே பெரியவங்களுக்கு 45 ரிங்கிட், குழந்தைக்குப் பாதி. அஞ்சு பேருக்கு ஒரு காலைக்கு ஏறக்குறைய 200 ரிங்கிட். ரிங்கிட்டுக்கு இருபது ரூபாய்னு வச்சா 4,000 ரூபாய். இட்லி சாப்பிடுற நேரத்துக்கு நாலாயிரம்!

அதனால பஃபே இல்லாம ரூம் மட்டும் போட்டோம். தெருமுனைக் கடையில் ரொட்டி சனாய், பருப்புக் குழம்பு, ஆளுக்கு ஒரு தேத்தண்ணி. அஞ்சு பேருக்கும் சேர்த்து 30 ரிங்கிட்டைத் தாண்டல. அதாவது 600 ரூபாய்.

ஒரு நாளைக்கு 3,400 ரூபாய் மிச்சம். அஞ்சு நாளைக்கு 17,000. அம்மா போய் வர்ற விமான டிக்கெட்டே ஏறக்குறைய அவ்வளவுதான்.

சாப்பாட்டுச் செலவு சின்ன விஷயம்னு தோணும். ஆனா யாரைக் கூட்டிட்டுப் போகலாம், யாரை வீட்டுல விட்டுட்டுப் போகலாம்னு பல வீடுகளில் அதுதான் முடிவு பண்ணுது.

சரி, காசு மிச்சம். வயிறு?

இங்கதான் ஒரு அடிப்படையைப் புரிஞ்சுக்கணும்.

சமைச்ச உணவில் கிருமி வேகமாப் பெருகுறது 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் நடுவில். அதனால சூடான உணவு 60க்கு மேலயும், குளிர்ந்த உணவு 5க்குக் கீழயும் இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. வெளியே 32 டிகிரி, காத்துல ஈரம். அந்தத் தீவில் மேசை மேல வச்ச சாப்பாடு நேரா அந்த ஆபத்து எல்லைக்குள்ளதான் உட்கார்ந்திருக்கும்.

இப்ப பினாங்குக் கடைகளைப் பாருங்க.

அங்க பெரும்பாலும் ஒரு கடைக்கு ஒரே பண்டம். சார் குவே தியாவ் போடுறவர் அதை மட்டும்தான் போடுவார். லக்சா ஊத்துறவங்க லக்சா மட்டும்தான். பல கடைகள் ஒரே கூரைக்குக் கீழ இருக்கும். நடுவில் பொது மேசைகள். நீங்க உட்கார்ந்து, மேசை எண்ணைச் சொன்னா, கொண்டு வந்து வச்சுட்டுக் காசு வாங்கிட்டுப் போவாங்க.

ஒரே பண்டம்னா மெனு அட்டை இல்லை, பெரிய சமையல்கட்டு இல்லை, இருபது வகைப் பொருளை வாங்கிச் சேர்த்து வைக்க வேண்டியதில்லை. அதான் விலை குறைவு.

அதே காரணத்தாலதான் பாதுகாப்பும். காலையில் வாங்கின பொருள் அன்னைக்கே தீர்ந்துடும். உங்க தட்டு உங்க கண் முன்னாடி கொதிக்கிற சட்டியிலிருந்து வருது. பஃபேயில் ஆறு மணிக்குச் செஞ்ச நூடுல்ஸ் பத்து மணி வரைக்கும் வெதுவெதுன்னு கிடக்குமே, அந்தக் கதை இங்க இல்லை.

எது மலிவாக்குதோ, அதுவேதான் பத்திரமாவும் ஆக்குது.

இதுக்கு அரசாங்கத்தோட காவலும் உண்டு. மலேசியாவின் 2009 உணவுச் சுகாதார விதிகள்படி, உணவைக் கையாள்றவங்க பயிற்சி எடுக்கணும், மருத்துவப் பரிசோதனை செய்யணும், டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்கணும். உள்ளூராட்சி மன்றங்கள் உணவுக்கடைகளுக்கு ஏ, பி, சி னு தரம் கொடுக்குறாங்க. சுவரில் அந்த அட்டை இருக்கான்னு பாருங்க. 2019லிருந்து உணவகங்களில் புகைபிடிக்கவும் தடை.

அதுக்காக எல்லாக் கடையிலும் கண்ணை மூடிட்டுச் சாப்பிடச் சொல்லல. கடை வாசலில் நின்னு நான் மூணு விஷயம் பார்ப்பேன்.

ஒண்ணு, ஆவி. தட்டில் விழும்போது ஆவி பறக்கணும்.

ரெண்டு, ஓட்டம். உள்ளூர் ஆட்கள் வரிசையில் நிக்கணும். பள்ளிக்கூடப் பிள்ளைங்களும், வேலைக்குப் போறவங்களும், பாட்டிகளும் நிக்கிற கடைன்னா யோசிக்காம நில்லுங்க. வெளிநாட்டுக்காரங்க மட்டும் உட்கார்ந்திருக்கிற கடையில் விலையும் கூட, ஓட்டமும் கம்மி.

மூணு, கையும் தண்ணியும். காசு வாங்குற கையே சோத்தைத் தொடுதா? தட்டு கழுவுற இடத்துல குழாய் ஓடுதா, இல்ல ஒரே வாளித் தண்ணிதானா?

மூணுல ஒண்ணு சரியில்லைன்னாலும் அடுத்த கடை. பத்தடி தள்ளி இன்னொண்ணு இருக்கும்.

அடுத்தது, என்ன சாப்பிடலாம்?

நாசி லெமாக். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, கொஞ்சம் நெத்திலி, வேர்க்கடலை, முட்டை, சம்பல். வாழை இலைப் பொட்டலம்தான் இருக்கிறதிலேயே மலிவான காலைச் சாப்பாடு. காலையில் சீக்கிரமே வாங்கிச் சாப்பிட்டுடணும். சமைச்ச சோறு நேரம் போகப் போக பேசில்லஸ் சீரியஸ்ங்கிற கிருமிக்கு வீடு. வாந்தியை உண்டாக்குற அதன் நச்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் சாகாது. மத்தியானம் வரைக்கும் பையில வச்சிருக்காதீங்க.

ஆசாம் லக்சா. அயிலை மீனை வேகவச்சு உதிர்த்து, புளி ஊத்தின கொதிகுழம்பு. அதை அரிசி நூடுல்ஸ் மேல ஊத்தித் தருவாங்க. ஆயர் ஈத்தாம் பக்கம் இது பிரசித்தம். அப்பா ஒரு வாய் குடிச்சுட்டு, "நம்ம மீன் குழம்புல இடியாப்பத்தப் போட்ட மாதிரி இருக்குடா"ன்னார். மேலே ஊத்துற கருப்புச் சாந்து இறால்ல செஞ்சது. இறால் அலர்ஜி உள்ளவங்க தொடவே கூடாது.

சார் குவே தியாவ். இரும்புச் சட்டியில் பெரிய தீயில் வதக்கின அரிசிப் பட்டை நூடுல்ஸ். சூடு பத்தி கவலையே இல்லை. ஆனா அதில் கெராங்னு ஒரு சிப்பி போடுவாங்க, பெரும்பாலும் அரைவேக்காடு. சிப்பி கடல்தண்ணியை வடிகட்டித் தின்கிற உயிர். தண்ணியில் உள்ள மஞ்சள்காமாலைக் கிருமியும் அதுக்குள்ள சேர்ந்துடும். 1988ல் சீனாவின் ஷாங்காய் நகரத்தில் சரியா வேகாத சிப்பி சாப்பிட்டு ஏறக்குறைய 3 லட்சம் பேருக்கு ஹெபடைட்டிஸ் ஏ வந்தது. அதனால "தா மாவ் கெராங்"னு சொல்லுங்க. சிப்பி வேண்டாம்னு அர்த்தம். சீனக் கடைகளில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதும் உண்டு. தவிர்க்கிறவங்க ஹலால் அட்டை பார்த்துப் போங்க.

நாசி கண்டார். இது நம்ம ஆட்களோட உணவு. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் காவடி மாதிரிக் கம்பு வச்சு, ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் குழம்புன்னு சுமந்து துறைமுகத் தொழிலாளிகளுக்கு வித்தது. தோளில் சுமக்கிற அந்தக் கம்புதான் மலாயில் கண்டார். மலாயில் கடைக்கே கெடாய்னுதான் பேரு, நம்ம 'கடை' போய்ச் சேர்ந்த வார்த்தை.

இந்தக் கடைகளில் மட்டும் குழம்பு பாத்திரத்தில் ரொம்ப நேரம் இருக்கும். கூட்டம் வர்ற நேரமாப் பார்த்துப் போங்க. ஒரு கடையில் பரிமாறினவர் அம்மாவைப் பார்த்ததும், "அம்மா, குழம்பெல்லாம் கலந்து வெள்ளமா ஊத்தவா?"ன்னு தமிழ்லயே கேட்டார். "வேணாம் தம்பி, சோறு கொஞ்சமா வை. வெண்டைக்காயும் மீனும் போதும்"னாங்க. அதுக்கப்புறம் எந்தக் கடையிலும் எங்களை அம்மா ஆர்டர் பண்ண விடல!

சைவம் சாப்பிடுறவங்களுக்கு லிட்டில் இந்தியாவில் வாழை இலைச் சாப்பாடும் தோசையும் இருக்கு. மத்த இடங்களில் சம்பலில் பெலாச்சான், அதாவது இறால் சாந்து இருக்கும். கேட்டுட்டுச் சாப்பிடுங்க.

சர்க்கரை உள்ளவங்களுக்கு ரெண்டு வார்த்தை.

அங்க தே தாரிக்னு ஆத்தித் தர்ற டீ, கெட்டியான இனிப்புப் பால் ஊத்தினது. "தே ஓ கோசோங்"னு கேளுங்க. பாலும் சர்க்கரையும் இல்லாத டீ வரும். விலையும் கம்மி.

மலேசிய நேரம் நம்மை விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி. சாப்பாட்டுக்கு முன் போடுற சர்க்கரை மாத்திரையை ரூமிலேயே போட்டுட்டுக் கடை தேடி அலையாதீங்க. வெயிலில் நடந்து தாழ்சர்க்கரை வந்துடும். தட்டு மேசைக்கு வந்த பிறகு மாத்திரை போடுங்க. பையில் நாலு மிட்டாய் எப்பவும் இருக்கட்டும்.

சின்னப் பிள்ளைங்க, வயசானவங்க, கர்ப்பிணிகளுக்கு அங்கே கிடைக்கிற அரைவேக்காட்டு முட்டை வேண்டாம். வெட்டி வச்ச பழத்துக்குப் பதில் தோல் உரிச்சுச் சாப்பிடுற ரம்புத்தான், மங்குஸ்தான், வாழைப்பழம் வாங்கிக் கொடுங்க. தண்ணி மூடி திறக்காத பாட்டில் மட்டும்.

டைபாய்டு ஊசி போடுறதா இருந்தா கிளம்புறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே போட்டுடுங்க. ஹெபடைட்டிஸ் ஏ ஊசி பத்தியும் உங்க டாக்டரைக் கேளுங்க.

இவ்வளவும் பார்த்தும் வயிறு போகலாம். அதனால ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஆளுக்கு நாலு எடுத்துட்டுப் போங்க. முழுப் பாக்கெட்டையும் அதில் எழுதியிருக்கிற அளவு தண்ணியில் கரைக்கணும். பாதிப் பாதியாப் போடக்கூடாது.

மலத்தில் ரத்தம், காய்ச்சல், குடிக்கிறது எதுவும் நிக்காத வாந்தி, ஆறு மணி நேரமா சிறுநீர் இல்லை, குழந்தை சோர்ந்து படுக்குது - இதில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனை. பேதியை நிறுத்துற மாத்திரையை ரத்தமும் காய்ச்சலும் இருக்கும்போது போடாதீங்க, பிள்ளைங்களுக்குக் கொடுக்கவே கொடுக்காதீங்க. ஆன்டிபயாட்டிக்கை நீங்களா ஆரம்பிக்க வேண்டாம். சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மாத்திரை போடுறவங்களுக்கு வாந்தி பேதி வந்தா, எந்த மாத்திரையை நிறுத்தணும்னு டாக்டரைக் கேட்டுக்கணும்.

ஊர் திரும்பி மூணு வாரத்துக்குள்ள காய்ச்சல் வந்தா, எந்த ஊருக்குப் போனீங்கன்னு டாக்டர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. நாங்க கேட்க மறந்தாலும் நீங்க சொல்ல மறக்காதீங்க.

பினாங்கு மட்டும் இல்லை. அந்தமானோ, பாலியோ, ராமேஸ்வரமோ, எந்தத் தீவுக்குப் போனாலும் ஆவி, ஓட்டம், கை-தண்ணி. இந்த மூணையும் பாருங்க. போர்டு எவ்வளவு பெருசுன்னு பார்க்காதீங்க.

அப்புறம், "நீங்க போயிட்டு வாங்கப்பா"ன்னு உங்க வீட்டுலயும் ஒருத்தங்க சொல்லுவாங்க. பஃபேயை வெட்டிட்டு அவங்களைக் கூட்டிட்டுப் போங்க.