ரேடாரும் ஒரு தராசே

 

நம் சமுதாயத்தில் வணிகக் குடும்பங்கள் மிகுதி. ஆதலின் தராசைப் பற்றி நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. எடைக்கல்லில் முத்திரை இருக்க வேண்டும். தட்டுகள் சமமாக நிற்க வேண்டும். வாங்குபவர் கவனிக்காத வேளையிலும் நிறுவை குறையலாகாது. அளவையில் மோசம் செய்வோரைத் திருமறை எத்துணைக் கடுமையாக எச்சரிக்கிறது என்பதை மக்தபில் ஓதும் சிறுவரும் அறிவர். எனினும், சாலையோரத்தில் காவலர் கையில் பிடித்து நிற்கும் ரேடார் கருவியும் ஒரு தராசே என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. அது வேகத்தை நிறுக்கும் தராசு.

எம் மத்ரஸா கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்துள்ளது. அஸர் தொழுகைக்குப் பின் சிறார்கள் கிதாபுகளை நெஞ்சோடு அணைத்தபடி அச்சாலையைக் கடந்தே வருகின்றனர். பெரிய வகுப்பு மாணவர் ஒருவர் ஒருநாள் எம்மிடம், "ஹஜ்ரத், போலீஸ் நிற்கிற இடத்துல மட்டும் எல்லாரும் மெதுவாப் போறாங்களே, அந்த மிஷினை ஏமாத்துறது தப்பா?" என்று கேட்டார். வகுப்பில் சிரிப்பு எழுந்தது. ஆயினும் அது சிரித்துக் கடந்துவிடத்தக்க வினா அன்று. விடை சொல்லுமுன் அக்கருவி எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்துகொள்வது முறையென்று கருதினோம்.

அத்தராசு நிறுக்கும் விதம்

ஒலி எழுப்பியவாறு விரைந்து வரும் ரயிலின் ஊதல், நம்மை நெருங்கும்போது உச்சமாகவும், கடந்து சென்றபின் தாழ்வாகவும் கேட்கும். நெருங்கி வரும் பொருளிலிருந்து அலைகள் நெருக்கமாக வந்து சேர்கின்றன. விலகிச் செல்லும் பொருளிலிருந்து இடைவெளி விட்டு வந்து சேர்கின்றன. இவ்விளைவை 1842ஆம் ஆண்டில் ஆஸ்திரிய அறிஞர் கிறிஸ்டியன் டாப்ளர் எடுத்துரைத்தார். அவர் ஆராய்ந்தது விண்மீன்களின் ஒளியை. நூறாண்டு கழித்து அதே தத்துவம் சாலைக்கு வந்தது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் கிளாஸ்டன்பரி என்னும் ஊரில் 1947இல் காவல்துறை ரேடாரைக் கொண்டு வாகன வேகத்தை அளந்து பார்த்தது.

கருவி ஓர் அலையை வாகனத்தின் மீது செலுத்துகிறது. அது பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் சற்று மாறியிருக்கும். அம்மாற்றமே வேகத்தின் எடை. பரவலாகப் பயன்படும் ஒருவகை ரேடாரின் அதிர்வெண் 24.15 கிகாஹெர்ட்ஸ். அதில் மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்திற்கு ஏறத்தாழ 45 ஹெர்ட்ஸ் மாற்றம் உண்டாகும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஏறத்தாழ 4,470 ஹெர்ட்ஸ் மாற்றத்தைத் தரும். கண் இமைக்கும் நேரத்தில் கருவி இதைக் கணக்கிட்டுவிடுகிறது.

இப்போது பல இடங்களில் காண்பது லேசர் கருவி. அது நுண்ணிய ஒளித்துடிப்புகளை அடுத்தடுத்து அனுப்பி, அவை திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு தொலைவு எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்று காண்கிறது. ரேடார் அலை 12 பாகை விரிந்தால், 300 மீட்டர் தொலைவில் அதன் அகலம் 60 மீட்டரைத் தாண்டிவிடும். பல வாகனங்கள் அதற்குள் அகப்படும். லேசர் கற்றையோ அத்தொலைவில் ஏறத்தாழ ஒரு மீட்டரே அகன்றிருக்கும். ஆகவே நெரிசலில் எந்த வாகனம் என்று குறித்துக் காட்ட அது ஏற்றது.

தராசும் நேர்மையாக இருக்க வேண்டும்

நிறுப்பவரை நம்ப வேண்டுமாயின் தராசு சரியாக இருக்க வேண்டும். இது நாம் கேட்கத்தக்க உரிமையே. எடைக்கல்லைச் சோதிக்க முத்திரைக் கல் இருப்பதுபோல், ரேடாரைச் சோதிக்க இசைக்கவை இருக்கிறது. ஆம், பள்ளி ஆய்வகத்தில் நாம் தட்டி ஒலியெழுப்பிய அதே இரு கிளைக் கம்பிதான். குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அதிரும் கவையைக் கருவியின் முன் காட்டினால், அதற்குரிய வேகத்தை அது காட்ட வேண்டும். காட்டாவிடில் அக்கருவி அன்று பணிக்கு உதவாது.

மற்றொரு செய்தி பலருக்கு வியப்பளிக்கலாம். நிலையாக நிற்கும் ரேடார், வாகனத்தின் நேரெதிரே இராமல் பக்கவாட்டில் சாய்ந்து நோக்கினால் உண்மை வேகத்தை விடக் குறைவாகவே காட்டும். 20 பாகை சாய்வில், 100 கிலோமீட்டர் வேகம் 94 என்று பதிவாகும். அதாவது இப்பிழை ஓட்டுநருக்குச் சாதகமானது.

நம் நாட்டின் சட்டமும் நிறுப்பவரைக் கட்டுப்படுத்தியுள்ளது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் சேர்க்கப்பட்ட 167-ஏ விதி, மின்னணுக் கண்காணிப்புக் கருவிகளுக்கு ஒப்புதல் சான்று வேண்டும் என்றும், அதனை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்றும், கண்காணிக்கப்படும் சாலைப்பகுதியில் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும் என்றும் பணித்தது. அபராதச் சீட்டில் நிழற்படமும், கருவி அளந்த அளவும், நாளும் நேரமும் இடமும் இருக்க வேண்டும் என்றும் கூறியது. தவறான சீட்டு வந்தால் அதை எதிர்த்து முறையிடுவது குற்றமன்று. நீதியை நாடுவதே ஆகும்.

ஆய்வாளர் வரும்போது மட்டும்

தராசின் ஒரு தட்டைப் பார்த்தோம். மறுதட்டில் நிற்பவர்கள் நாம். கடைத்தெருவில் ஒரு வணிகரை எண்ணிப் பாருங்கள். எடையளவு ஆய்வாளர் வருகிறார் என்று தெரிந்தால் முத்திரைக் கல்லை எடுத்து வைக்கிறார். அவர் தெருமுனையைத் தாண்டியதும் பழைய கல்லை எடுக்கிறார். அவரை நாம் என்னவென்று அழைப்போம்? அவருடைய தொழுகையையும் தாடியையும் பார்த்து அவருடைய நிறுவையை மன்னித்துவிடுவோமா?

காமிரா இருக்கும் இடம் வரை மெதுவாகச் சென்று, அதைக் கடந்ததும் வேகத்தைக் கூட்டுபவர் செய்வதும் அதுவே. வேறுபாடு ஒன்றுதான். அவ்வணிகர் திருடுவது சில கிராம் அரிசி. இங்கே குறைக்கப்படுவது சாலையைக் கடப்பவருக்கு நாம் தர வேண்டிய கால அவகாசம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் செல்கிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் 28 மீட்டர். ஒரு சிறுவன் சாலையில் கால் வைத்ததைக் கண்டு, பிரேக்கில் நம் கால் பதியும் முன்பே அத்தொலைவு கழிந்துவிடுகிறது. வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்தபின் நிற்கத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்காகிறது.

எம் மஹல்லாவில் நாம் தொழவைத்த ஜனாஸாக்களில் இளைஞர் ஒருவருடையதும் உண்டு. இரவில் இருசக்கர வாகனத்தில் விரைந்தவர். எம்மிடம் ஓதியவர். அவர் சென்ற சாலையில் அன்று எந்தக் கருவியும் இல்லை. அபராதச் சீட்டு எதுவும் அவர் வீட்டிற்கு வரவில்லை. அவர் தாயார் இத்தாவில் இருந்த நாள்கள் அவை. கணவரை இழந்து நாற்பது நாள்கள்கூட நிறையவில்லை. ரேடாரை அபராதம் பறிக்கும் கருவியாகவே பேசுவோர் அந்த வீட்டிற்குள் ஒருமுறை சென்று வர வேண்டும் என்று எமக்குத் தோன்றுவதுண்டு.

வளைகுடாவில் வாழும் நம் சகோதரர்கள் இதை நன்கறிவர். சவூதி அரேபியாவில் 2010இல் தொடங்கப்பட்ட தானியங்கி வேகக் கண்காணிப்புக்கு 'ஸாஹிர்' என்று பெயர். இரவில் உறங்காது விழித்திருப்பவர் என்பது அச்சொல்லின் பொருள். அபூதபியில் பலகையில் எழுதிய வேகத்திற்கு மேலும் 20 கிலோமீட்டர் வரை விட்டுக்கொடுக்கும் வழக்கம் இருந்தது. 2018 ஆகஸ்டில் அது நீக்கப்பட்டது. பலகையில் எழுதியதே எல்லை என்றாயிற்று. ஒரு கிலோ என்று பொறித்த கல் ஒரு கிலோவே இருக்க வேண்டும் அல்லவா? அங்கே இவ்வளவு ஒழுங்காக வாகனம் ஓட்டுபவர், விடுமுறையில் ஊருக்கு வந்ததும் அவ்வொழுங்கை விமான நிலையத்திலேயே விட்டுவிடுவதைக் காணும்போது வருத்தமே மிஞ்சுகிறது. விழித்திருக்கும் காமிராவுக்கு அஞ்சினோம். என்றும் உறங்காதவனை நினைத்தோமா?

எதிரே வருபவர்க்கு விளக்கை மின்னவைத்து, "முன்னே போலீஸ்" என்று எச்சரிப்பதைச் சிலர் பேருதவியாகக் கருதுகின்றனர். அநீதி செய்யும் சகோதரனைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்பது நபிமொழி கற்பிக்கும் பாடம். முன்னே பள்ளிக்கூடம் இருக்கிறது, குழந்தைகள் வருகிறார்கள் என்று என்றேனும் விளக்கை மின்னவைத்திருக்கிறோமா?

நாம் செய்யத்தக்கன

2019 திருத்தத்திற்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆம் பிரிவு, வேக வரம்பை மீறும் இலகுரக வாகனத்திற்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. இத்தொகையை நினைவிற்கொண்டு வேகத்தைக் குறைப்பவர் குறைக்கட்டும்; அதுவும் நன்மையே. ஆயினும் குடும்பத்திற்குள் நாம் வேறொரு கணக்கையும் கற்பிக்கலாம். 40 கிலோமீட்டர் பயணத்தை 80 வேகத்தில் சென்றால் 30 நிமிடம். 60 வேகத்தில் சென்றால் 40 நிமிடம். மிச்சமாவது பத்தே நிமிடம். பத்து நிமிடம் முன்னதாகப் புறப்பட்டால் அதுவும் தேவையில்லை.

ரமளானில் நோன்பு திறக்கும் நேரத்தை எட்டிப்பிடிக்க விரையும் வாகனங்களை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அமீரகத்தில் காவலர்களே சிக்னல்களில் நின்று இஃப்தார் பொட்டலம் வழங்குவது இதன்பொருட்டே. மூன்று பேரீச்சம்பழமும் ஒரு குப்பித் தண்ணீரும் வண்டியில் வைத்துக்கொள்வது எளிய செயல். "வீட்டுக்கு வந்துதான் நோன்பு திறக்கணும்" என்று தொலைபேசியில் வற்புறுத்தாமல், "இருக்கும் இடத்தில் திறந்துவிட்டு மெதுவாக வாங்க" என்று சொல்லும் மனைவியும் தாயும் ஓர் உயிரைக் காக்கக்கூடும். பதினெட்டு வயது நிரம்பாத மகனிடம் சாவியைக் கொடுக்காத தந்தையும் அவ்வாறே.

அம்மாணவருக்கு நாம் சொன்ன விடை இவ்வளவே: கருவியை யாரும் ஏமாற்றுவதில்லை. அது தன்முன் வந்ததைச் சரியாகவே நிறுக்கிறது. அதைக் கடந்தபின் ஏமாற்றப்படுபவர், சாலையின் அடுத்த வளைவில் நம்மை நம்பி நடந்து வருபவர். கடையில் நம் தராசு நேராக நிற்பதுபோல் சாலையிலும் நேராக நிற்க வல்ல இறைவன் அருள்புரிவானாக. ஆமீன்.