கடலோரச் சாலையில் பேரக் குழந்தைகளோடு

வெளியூரிலும் வெளிநாட்டிலும் பணிபுரியும் பிள்ளைகள் பத்து நாள் விடுப்பில் சென்னைக்கு வரும்போதெல்லாம் பல இல்லங்களில் ஒரே விவாதம் எழுகிறது. குழந்தையைக் கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பது பெற்றோரின் விருப்பம். வந்த இடத்தில் ஒரு திவ்ய தேசத்தையாவது சேவித்துவிட வேண்டும் என்பது தாத்தா பாட்டியின் ஆவல். பெரும்பாலும் விட்டுக்கொடுப்பவர்கள் பெரியவர்களே. பைகளையும் பால் புட்டியையும் காத்துக்கொண்டு, பூங்காவின் நிழலோரத்தில் அமர்ந்திருக்கும் முதியோரை எந்த விடுமுறை நாளிலும் காணலாம். மாலையில் குழந்தை அழுது களைத்து உறங்கிவிடும். கோயிலுக்குச் செல்ல எவருக்கும் தெம்பு இராது. அடுத்த விடுப்பு எப்போது வாய்க்கும், அப்போது முழங்கால் ஒத்துழைக்குமா என்ற எண்ணம் மட்டும் பெரியவர்கள் மனத்தில் தங்கிவிடும்.

இந்த இரு விருப்பங்களும் ஒன்றுக்கொன்று பகையானவை அல்ல. திருவிழாக்களில் குடைராட்டினமும் ரங்கராட்டினமும் சுழன்றது கோயில் வாசலில்தான். ஆண்டவனுக்கே ஊஞ்சல் உற்சவமும் தெப்ப உற்சவமும் நடத்தி மகிழ்ந்த மரபு இது. முன்பு ஒரே இடத்தில் கிடைத்த தரிசனமும் விளையாட்டும் இன்று தனித்தனி வாயில்களுக்குள் போய்விட்டன. அவற்றை மீண்டும் ஒரே பயணத்தில் இணைக்கத் திருவான்மியூர் முதல் மாமல்லபுரம் வரையிலான கிழக்குக் கடற்கரைச் சாலை போல வசதியான வழி வேறில்லை. ஏறத்தாழ 45 கி.மீ. தூரத்துக்குள் ஒரு பாடல் பெற்ற தலமும், இரண்டு திவ்ய தேசங்களும், குழந்தைகள் மகிழும் இடங்கள் பலவும் அமைந்துள்ளன.

நடை சாத்தும் நேரம்

ஒரு வயது முதல் மூன்று வயது வரையிலான குழந்தையை அழைத்துச் செல்வோர் முதலில் கருத்தில் கொள்ள வேண்டியது அதன் அன்றாட ஒழுங்கை. அதிகாலையில் விழிப்பு, முற்பகல் வரை உற்சாகம், உச்சிப்பொழுதில் உணவு, பின்னர் உறக்கம், மாலையில் மீண்டும் விளையாட்டு. இந்த ஒழுங்கை மீறினால் எத்தனை பணம் செலவிட்டாலும் அந்த நாள் அழுகையில்தான் முடியும்.

கோயிலின் ஒழுங்கும் ஏறத்தாழ இதுவே. விடியற்காலையில் திருப்பள்ளியெழுச்சி, உச்சிக்கால பூஜை முடிந்து நண்பகலில் நடை சாத்துதல், பிற்பகலில் மீண்டும் நடை திறப்பு. ஆண்டவன் ஓய்வு கொள்ளும் நேரமே குழந்தை உறங்கும் நேரம். வயது முதிர்ந்தோரும் சற்றுத் தலை சாய்க்க விரும்பும் நேரம். ஆகவே பயணத்தைக் கோயில் நேரத்தை அடிப்படையாகக் கொண்டு வகுத்தால் மூவருக்கும் பொருந்திவிடுகிறது. காலையில் ஒரு சன்னிதி, முற்பகலில் இரண்டு மணி நேர விளையாட்டு, நண்பகலில் அறையில் ஓய்வு, மாலையில் மற்றொரு சன்னிதி. இதற்கு ஒரு நாள் போதாது. ஓர் இரவு மாமல்லபுரத்தில் தங்குவதே சிறந்தது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதி உட்பட அங்கே தங்குமிடங்கள் பல உள்ளன. தரைத்தளத்து அறையை முன்னதாகவே கேட்டுப் பெற்றால் படியேறும் சிரமம் பெரியவர்களுக்கு இல்லை. படியில் தவறி விழும் அச்சம் குழந்தைக்கும் இல்லை.

மருந்தீசர் சன்னிதியில் தொடக்கம்

பயணத்தைத் திருவான்மியூர் மருந்தீசுவரர் ஆலயத்தில் தொடங்குவது முறை. வான்மீகி முனிவர் வழிபட்டதால் திருவான்மியூர் எனப் பெயர் பெற்றது இத்தலம். ஞானசம்பந்தரும் நாவுக்கரசரும் பாடிய பெருமையுடையது. மேற்கு நோக்கி வீற்றிருக்கும் இறைவன், அகத்தியருக்கு மூலிகைகளின் குணங்களை உபதேசித்தவர் என்பது தலபுராணம். காமதேனு பால் சொரிந்து வழிபட்டதால் பால்வண்ணநாதர் என்ற திருநாமமும் உண்டு. பால்குடி மறவாத பிள்ளையை முதன்முதலில் அழைத்துச் செல்ல இதைவிடப் பொருத்தமான சன்னிதி எது? பிணி தீர்க்கும் பெருமான் திருநீற்றைக் குழந்தையின் நெற்றியில் இட்டுப் புறப்பட்டால் பாட்டியின் மனம் பாதி அமைதி அடைந்துவிடும்.

பூங்காக்களும் உயரக் கணக்கும்

தெற்கே செல்லும்போது ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி. கேளிக்கைப் பூங்காவும், அதே குழுமத்தின் கடல்வாழ் உயிரினக் காட்சியகமும் உள்ளன. முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். பூங்கா இருக்கிறது. பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம், திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் வொண்டர்லா அமைந்துள்ளது.

இத்தகைய பூங்காக்களில் விளையாட்டுகளுக்கான அனுமதி வயதைவிட உயரத்தைப் பொறுத்தே அமைகிறது. வொண்டர்லா பூங்காக்களில் 85 செ.மீ.க்குக் குறைவான உயரமுள்ள குழந்தைக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. இரண்டு வயது நிரம்பும் தறுவாயில் பல குழந்தைகள் இந்த உயரத்தை ஒட்டியே இருக்கின்றன. கட்டணம் இல்லை என்பதன் மறுபக்கத்தையும் காண வேண்டும். அந்த உயரமுள்ள குழந்தை ஏறக்கூடியவை சிறு ரயில், குதிரை ராட்டினம், ஆழமற்ற நீர்த்தொட்டி போன்ற மிகச் சிலவே. அவற்றுக்காகப் பெற்றோரும் தாத்தா பாட்டியுமாக நால்வர் முழுக் கட்டணம் செலுத்த நேரிடும். மூத்த குடிமக்களுக்குச் சலுகை உண்டா என்று கேட்டறிவதும், நெரிசல் மிகுந்த ஞாயிறைத் தவிர்த்து வார நாளில் செல்வதும் சிக்கனமானவை. வீட்டுச் சுவரில் பென்சிலால் கோடிட்டுக் குழந்தையின் உயரத்தை அளந்து குறித்துக்கொண்டு புறப்படுவது ஏமாற்றத்தைத் தவிர்க்கும்.

நீர் விளையாட்டுப் பகுதிகளில் பெரும்பாலும் நைலான் போன்ற இழையால் ஆன நீச்சல் உடையையே அனுமதிக்கின்றனர். பருத்திப் புடவையிலும் வேட்டியிலும் இருக்கும் பெரியவர்கள் குழந்தையைப் பின்தொடர்ந்து அங்கே இறங்க இயலாது. இதை முன்பே உணர்ந்து, நீர்ப்பகுதியில் தாயோ தந்தையோ ஒருவர் இடைவிடாது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். வெளி உணவுக்குத் தடை உள்ள இடங்களில் கைக்குழந்தையின் கஞ்சிக்கும் பாலுக்கும் அனுமதி உண்டா என்பதைத் தொலைபேசியில் உறுதி செய்துகொள்வது நல்லது.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பெரிய பூங்காக்களைவிட மீன் காட்சியகமே உகந்தது. குளிர்ந்த இடம், வெயில் இல்லை. கண்ணாடிச் சுரங்கத்தின் உள்ளே நடக்கையில் தலைக்கு மேல் நீந்தும் மீன்களைக் கண்டு குழந்தை வாய்பிளந்து நிற்கும். பெரிய விளையாட்டுகளில் ஏறும் வயதை அது எட்டும்போது வேறு விடுப்புகள் வரும்.

அவதாரங்கள் வரிசையாக நிற்கும் வழி

தாத்தாவும் பாட்டியும் இப்பயணத்தில் வெறும் காவலர்களாக இருக்க வேண்டிய அவசியமில்லை. மீன் காட்சியகத்தில் மச்சாவதாரக் கதையைச் சொல்லத் தொடங்கலாம். வடநெம்மேலியில் 1976ஆம் ஆண்டு ராமுலஸ் விட்டேக்கர் நிறுவிய முதலைப் பண்ணையில் ஆமைகளைக் காட்டிக் கூர்மாவதாரத்தைச் சொல்லலாம். அசையாமல் வாய்திறந்து கிடக்கும் முதலைகளைக் காட்டிக் கஜேந்திர மோட்சத்தைச் சொல்லலாம். முதலையை நேரில் கண்ட குழந்தைக்கு "ஆதிமூலமே" என்று யானை ஏன் கதறியது என்பதை விளக்கத் தேவையில்லை.

இவ்விரண்டுக்கும் இடையே வராகர் காத்திருக்கிறார். கோவளத்தைக் கடந்ததும் வரும் திருவிடந்தை, திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த தலம். காலவ மகரிஷியின் 360 கன்னியரையும் நாளுக்கு ஒருவராக மணந்து, இறுதியில் அனைவரையும் ஒருவராக்கித் தம் இடப்புறத்தில் ஏற்றருளினார் பெருமாள் என்பது வரலாறு. திருவை இடப்பக்கம் கொண்ட எந்தை என்பதே தலத்தின் பெயர்க்காரணம். ஆண்டு முழுவதும் திருக்கல்யாணம் காணும் நித்யகல்யாணப் பெருமாளிடம் மணவரம் வேண்டி மாலை பெற்றுச் செல்வோர், மணமானபின் தம்பதியராக வந்து வணங்குவது வழக்கம். அவ்வாறு வந்த தம்பதியர், பின்னர் குழந்தையோடு வந்து நிற்பதைக் காண்பது பெற்றோருக்கு எத்தகைய நிறைவு!

இப்பெருமாளின் திருமுகத்தில் திருஷ்டிப் பொட்டு அமைந்திருப்பதை அர்ச்சகர் தீபம் காட்டி விளக்குவார். பேரக் குழந்தையின் கன்னத்தில் மையிட்டு அழைத்து வந்த பாட்டிக்கு அந்தத் தரிசனத்தின் பொருள் உடனே விளங்கும்.

பல்லவர் அமைத்த விளையாட்டுத் திடல்

மறுநாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன் மாமல்லபுரச் சிற்பங்களைக் காண வேண்டும். 1984ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இத்தொகுதியை, மூன்று வயதுக் குழந்தையின் கண்ணால் பார்த்தால் அது ஒரு விலங்குக் காட்சிசாலை. அர்ச்சுனன் தபசு என வழங்கும் பெரும்பாறையில் பெரிய யானைகளும், அவற்றின் காலடியில் குட்டிகளும் நிற்கின்றன. ஒரு பூனை பின்னங்கால்களில் நின்று தவம் புரிகிறது. அதைச் சுற்றி எலிகள். அருகில் உள்ள கிருஷ்ண மண்டபத்தில் கண்ணன் கோவர்த்தனத்தைத் தாங்கி நிற்க, ஓர் ஆயர் பால் கறக்கிறார், பசு கன்றை நக்கிக் கொடுக்கிறது. குட்டியோடு அமர்ந்த குரங்குக் குடும்பமும் தனிச் சிற்பமாக இருக்கிறது. இவை அனைத்தும் அதிகம் நடக்காமலே காணக்கூடிய தொலைவில் உள்ளன.

ஏறத்தாழ 250 டன் எடையுள்ளதாகக் கூறப்படும் 'கண்ணனின் வெண்ணெய் உருண்டை' சரிவான பாறைமீது நிற்கிறது. தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் சறுக்கி விளையாடி வழுவழுப்பான சரிவு அருகிலேயே உள்ளது.  சின்னஞ்சிறு பிள்ளையைத் தந்தை மடியில் இருத்திக்கொண்டே சறுக்க வேண்டும். கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும் தொல்லியல் துறையின் கட்டணச் சின்னங்கள். 15 வயதுக்கு உட்பட்டோருக்குக் கட்டணம் இல்லை. நடை அதிகம் என்பதால் பெரியவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்வது போதும்.

கவனிக்க வேண்டியவை

* புறப்படும் காலையில், அன்று அணிந்துள்ள உடையுடன் குழந்தையைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளவும். கூட்டத்தில் தவறினால் அடையாளம் சொல்ல உதவும். பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய அட்டையைக் குழந்தையின் உடையில் பொருத்தி வைக்கவும். குழந்தைகள் உதவி எண் 1098. அவசர ஊர்தி 108.
* குழந்தைக்கு இட்ட சங்கிலியும் கொலுசும் வீட்டிலேயே இருக்கட்டும்.
* கோவளம், மாமல்லபுரம் கடற்பகுதிகளில் அலையின் இழுப்பு வலிமையானது. குழந்தையைத் தூக்கிக்கொண்டும் கடலில் இறங்கலாகாது. மணலில் விளையாடினால் போதும்.
* காரில் குழந்தையை முன் இருக்கையில் மடியில் வைத்துக்கொள்வது ஆபத்து. பின் இருக்கையில், குழந்தைகளுக்கான தனி இருக்கையில் அமர்த்துவதே பாதுகாப்பு.
* இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்கான மாத்திரைகளைப் பெரியவர்கள் தம் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளவும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரு வயதினருக்கும் பயன்படும்.
* கோயில் நடைநேரத்தையும், முதலைப் பண்ணை முதலியவற்றின் வார விடுமுறை நாளையும் முன்பே விசாரித்துக்கொள்ளவும்.

தரையில் பள்ளிகொண்டவன்

பயணம் நிறைவுற வேண்டிய இடம், பூதத்தாழ்வார் அவதரித்த ஊரான மாமல்லபுரத்தின் நடுவே எழுந்தருளியுள்ள தலசயனப் பெருமாள் சன்னிதி. பாற்கடலில் பள்ளிகொண்டவனின் திருவடியில் தாமரை மலர்களைச் சமர்ப்பிக்க விரும்பிய புண்டரீக மகரிஷி, குறுக்கே நின்ற கடலைத் தம் இரு கைகளாலும் இறைக்கத் தொடங்கினார். கடற்கரையில் சிறு குழந்தை கைநிறைய நீரை அள்ளி மணலில் ஊற்றுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த முனிவரின் உள்ளம் புரியும். முடியுமா என்ற கணக்கு அதற்குத் தெரியாது.

அப்போது பசியோடு ஒரு முதியவர் வந்து உணவு கேட்டார். முனிவர் உணவு தேடிச் சென்று திரும்பியபோது, அம்மலர்களைச் சூடி, ஆதிசேஷனும் இன்றித் தரையிலேயே சயனித்திருந்தார் பெருமாள். அருகே வருக என அழைக்கும் பாவனையில் அமைந்தது அவருடைய வலத் திருக்கரம்.

முதியவர் உருவில் வந்தவன், குழந்தையைப் போலத் தரையில் படுத்துக்கொண்ட தலம் இது. இங்கே படியேற வேண்டியதில்லை. எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. தாத்தாவின் தோளில் இருக்கும் பிள்ளைக்கும் கைத்தடி ஊன்றி நிற்கும் பாட்டிக்கும் ஒரே தரிசனம். குழந்தைக்கு இந்த நாள் பின்னர் நினைவில் இராது. அதன் கைகளைப் பிடித்துக் கும்பிடச் செய்தவர்களுக்கு அது கடைசி வரை நினைவிருக்கும். நிலமங்கைத் தாயாரும் தலசயனத்துறைவானும் அந்த நாளை எல்லா இல்லங்களுக்கும் அருளட்டும்.