வாப்பாவின் அம்பிளிபயர்

உக்குவளையில் எங்கள் வீட்டு முன்னறையில் வாப்பா செய்த அம்பிளிபயர் ஒன்று இருக்கிறது. கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் சாமான் வாங்கி வந்து, பலகைப் பெட்டிக்குள் தானே ஈயம் வைத்துப் பூட்டியது. இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவையும் நாகூர் ஹனிபாவின் பாட்டுகளும் அதன் வழியாகத்தான் எங்கள் காதுக்கு வந்தன. வாப்பா மௌத்தான பிறகு அதை யாரும் தொடவில்லை.

போன வருடம் அலுமாரியை ஒதுக்கும்போது ஒரு கெசட் கிடைத்தது. ஹனிபாவின் பாட்டுகள் முடிந்த இடத்தில், அணைக்க மறந்த மைக்கில் வாப்பாவின் குரல். உம்மாவிடம் பிளேன்டீ கேட்கிறார். தூரத்தில் மாத்தளை ரயில் கூவுகிறது. இரண்டு நிமிடம்கூட இல்லை. அதைக் கணினியில் ஏற்றிப் பத்திரப்படுத்தி, உம்மாவுக்கு அந்த அம்பிளிபயரிலேயே போட்டுக் காட்ட ஆசைப்பட்டேன். சுவிட்சைப் போட்டதும் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். குரல் அதற்குள் அமுங்கிப் போயிற்று.

எனக்கு மின் வேலை அரைகுறைதான். ஆனாலும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது என்ற முறை தெரியும். முதலில் ஒலியளவைப் பூச்சியத்துக்குத் திருப்பினேன். இரைச்சல் குறைந்தது, நிற்கவில்லை. அப்படியானால் குற்றவாளிகள் இருவர். எஞ்சி நின்றது அம்பிளிபயரின் சொந்தச் சத்தம். நம் மின்சாரம் செக்கனுக்கு 50 தடவை அலைகிறது. அதை நேர்மின்னாக்கும் டயோடுகள் அலையின் இரு பாதிகளையும் எடுத்துக்கொள்வதால் மேடு பள்ளம் 100 ஆகிறது. அந்தப் பள்ளங்களை நிரப்புவது பெரிய கெபாசிட்டர்களின் வேலை. காலம் போகப்போக அவற்றின் உள்ளே உள்ள திரவம் வற்றிவிடும். எங்கள் பெட்டியில் ஒன்றின் தலை உப்பியே இருந்தது. புதிதாக இரண்டு போட்டேன். (பிளக்கைக் கழற்றிய பிறகும் அவற்றில் மின் தங்கியிருக்கும். மின்தடை ஒன்றால் அதை இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.)

மற்றது, ஒலியளவைக் கூட்டினால் கூடியது. கணினியிலிருந்து வரும் வயரைப் பிடுங்கியதும் அமைதி. கணினி ஒரு சுவரில், அம்பிளிபயர் மறு சுவரில். இரண்டுக்கும் ஏர்த் உண்டு. ஒலி வயரின் மேலுறை அவ்விரு ஏர்த்துகளையும் இன்னொரு வழியாகப் பிணைக்க, அந்த வளையத்தில் 50 சுழன்றுகொண்டிருந்தது.

"அம்பிளிபயர்ட ஏர்த்த வெட்டிவிடுங்க தம்பி, சத்தம் போயிரும்" என்றார் வயரிங் தெரிந்த ஒருவர். போகும்தான். பிறகு ஒருநாள் பெட்டிக்குள் மின்கம்பி அறுந்து உலோகத்தைத் தொட்டால், அதைத் தொடுகிற பிள்ளையின் கைவழியேதான் மின் நிலத்துக்கு இறங்கும். ஏர்த் துளையில் பேனையைச் செருகி இரண்டு முள் பிளக்கை ஏற்றுகிற ஊர் நம்முடையது. எனக்கு அந்த வைத்தியம் வேண்டாமென்று பட்டது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் மாட்டினேன். இரைச்சல் காதுக்குக் கேட்காத அளவுக்கு இறங்கியது.

கெசட்டை ஓட்டினேன். மறுபடியும் அதே 'ம்ம்ம்'! நிறுத்தினால் இல்லை, ஓட்டினால் உண்டு. அது நாடாவிலேயே பதிந்த இரைச்சல். கணினித் திரையில் அலைகளைப் பிரித்துப் பார்த்தபோது 100இல் ஒரு முள் குத்திட்டு நின்றது. வாப்பா அன்று மைக்கை இந்த அம்பிளிபயரில் கொடுத்துத்தான் பதிவு செய்திருக்கிறார். கெபாசிட்டர் அன்றைக்கே வற்றத் தொடங்கிவிட்டது போலும்.

மென்பொருளால் அந்த 100ஐ வெட்டினேன். கொஞ்சம் அகலமாகவே வெட்டிவிட்டேன் என்பது பிறகுதான் புரிந்தது. ஆண் குரலின் அடித்தொனியும் ஏறக்குறைய அந்த இடத்தில்தான் இருக்கிறது. சத்தம் துப்புரவாகப் போயிற்று.

உம்மாவைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். தலையைச் சாய்த்துக் கேட்டார். "இது வாப்பாட கொரல் மாதிரி இல்லையே மகன்."

வெட்டாததைப் போட்டேன். இரைச்சலோடு பிளேன்டீ கேட்டார் வாப்பா. ரயில் கூவியது. உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, இன்னொருக்காப் போடச் சொல்லிக் கைகாட்டினார்.