கோல் கம்பங்களுக்கு நடுவே

கோலா சுங்கை பாரு கடலோரச் சிற்றூர், மலேசியாவின் அலோர் காஜா மாவட்டத்தின் மேற்கு ஓரம். கடலை விட்டு மஸ்ஜித் தானா பக்கம் உள்ளே போகப் போகச் செம்பனைதான். அந்தச் சாலையோரத் திடல் ஒன்றில், சாயங்காலம் ஐந்து மணி வெயிலில், ஒரு கல்லூரி அணியின் கோல்கீப்பர்கள் மூவரும் மண்டியிட்டுப் பந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள். எதிரே நின்று பந்தை உதைத்தவருக்கு வயது அறுபதை நெருங்குகிறது. மாணவர்களுக்கு அவர் 'மாஸ்டர்'. நான் அண்ணன் என்றுதான் கூப்பிட்டேன்.

தோட்டத்தில் பிறந்தவர். மாநில இளையோர் அணி வரை போனார். பெரிய அணியில் இடம் கிடைக்கவில்லை. தொழிற்சாலை வேலைக்குப் போய், ஓய்வும் பெற்றுவிட்டார். இப்போது செய்வது முழுக்கத் தொண்டூழியம். மோட்டாருக்கு எண்ணெய்கூடச் சொந்தக் காசு.

"முழங்கால்ல நின்னா கால் ஏமாத்த முடியாது தம்பி. கை மட்டும்தான் வேலை செய்யும்" என்றார். நெஞ்சுக்கு மேல் வரும் பந்துக்கு இரண்டு கட்டை விரல்களும் பந்தின் பின்னால் நெருங்கியிருக்க வேண்டும். இடைவெளி விட்டால் பந்து நழுவி முகத்தில் அடிக்கும். தரையோடு வரும் பந்துக்குச் சுண்டு விரல்கள் சேரவேண்டும். பாய்ந்து விழும்போது முழங்கையை ஊன்றக்கூடாது. தொடை, இடுப்பு, தோள் என்று பக்கவாட்டில் உடம்பு இறங்க வேண்டும். கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். நின்ற இடத்திலேயே நின்றால் எவராலும் அதை அடைக்க முடியாது. இரண்டு எட்டு முன்னே வந்தால் உதைப்பவனுக்குத் தெரியும் கோல் சுருங்கிவிடும். ஆனால் அவன் உதைக்கும் நொடியில் கால் இரண்டும் தரையில் இருக்கவேண்டும். இந்த ஒன்றை மட்டும் அவர் சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொன்னார். பாய்வதைப் பார்த்துக் கைதட்டுகிறோம். கோலைக் காப்பது பெரும்பாலும் பாய்வதற்கு முன் வைத்த அந்த இரண்டு எட்டுகள் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

கையுறையை அவர் கழுவும் விதத்தையும் பார்த்தேன். உள்ளங்கைப் பகுதி ரப்பர் பால் நுரையால் ஆனது. காய்ந்தால் வெடிக்கும், வெயிலில் போட்டால் பிசுபிசுக்கும். ஆட்டத்துக்கு முன் லேசாக நனைத்தால்தான் பந்தைப் பற்றும். வெறும் தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிட்டார். "அம்மா அப்பா ரெண்டு பேரும் பால்மரம் வெட்டினவங்க. பாலோட குணம் எனக்குத் தெரியாதா?"

அந்தப் பால்மரம்தான் தோட்டத்துக் காற்பந்தையும் வளர்த்தது. விடியும் முன்னே மரம் வெட்டப் போய், பாலை ஸ்டோரில் கொட்டிவிட்டுத் திரும்பினால் மதியம். சாயங்காலம் முழுக்கக் கையில் இருந்தது. கோயில், ஆயாக்கொட்டகை, பள்ளிக்கூடம், பக்கத்திலேயே திடல். அங்கே பிள்ளைகளுக்குப் பந்து பழக்கியவர்கள் கிராணியோ வெட்டுக்காரரோ பள்ளி ஆசிரியரோ. அதற்காக யாரும் சம்பளம் வாங்கியதில்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, குடும்பங்கள் பட்டணம் போயின, வேலைக்கு வெளிநாட்டவர்கள் வந்தார்கள். திடல்கள் புல் மண்டிக் கிடக்கின்றன.

இதே அலோர் காஜாவில் பிறந்தவர் சோ சின் ஆன், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியாவுக்கு ஆடிய தற்காப்பாளர். தேசிய அணியில் அவருக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கில் கோலைக் காத்தவர் நம் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளுக்காக 'ஸ்பைடர்மேன்' என்று நாடே அழைத்தது. 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார்கள். ஆப்கானிஸ்தானில் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் போகவே முடியவில்லை. 1988இல் ஆறுமுகம் சாலை விபத்தில் இறந்தபோது வயது 35. அண்ணன் இதைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. பையனாக இருந்தபோது அவரைப் பார்த்துத்தான் கோலுக்குள் போய் நின்றாராம்.

மாணவர்களில் மலாய்க்காரர் இருவர், தமிழர் ஒருவர். "கெலுவார்!" (வெளியே வா), "ஜாகா!" (பார்த்துக்கொள்) என்று மலாயிலேயே கத்தினார். தமிழ்ப் பையன் பின்வாங்கியபோது மட்டும், "பயப்படாம வெளிய வாடா, பந்து உன்னுது" என்றார்.

ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பு கோல்கீப்பர் பயிற்சியாளர்களுக்கென்றே சான்றிதழ் வகுப்புகள் வைத்திருக்கிறது. அண்ணனிடம் அந்தக் காகிதம் இல்லை. அதனால் ஆட்ட நாளில் அணி இருக்கையில் உட்கார முடியாமல் கம்பி வேலிக்கு வெளியே நிற்கிறார். ஜெர்சிக்கும் பேருந்துக்கும் செலவழிக்கும் ஒரு கல்லூரி, இவரை வகுப்புக்கு அனுப்பும் கட்டணத்தையும் கொடுக்கத்தான் வேண்டும். இது சலுகை இல்லை, அவர் கொடுத்துக்கொண்டிருக்கும் உழைப்புக்கான கடன். நான் இதைச் சொன்னபோது அவர் பதில் பேசவில்லை. அவர் கவனமெல்லாம் வரப்போகும் ஆட்டத்தில். எதிரணியில் இடதுகாலால் கார்னரை உள்ளே வளைத்து அடிக்கும் ஒருவன் இருக்கிறானாம். முதல் கம்பத்தில் ஆள் நிறுத்தலாமா, கோல்கீப்பரே ஏறி வந்து பிடிக்கட்டுமா என்று மூவரையும் கூட்டி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.