வயிறு வாய்க்காத குஞ்சுகள்

கொடுவா மீனைப் பற்றி எழுதத் தமிழாசிரியருக்கு என்ன இருக்கிறது என்று நண்பர்கள் வினவக்கூடும். பழையாறு கடலோடு கலக்கும் மணக்குடியில் வலையில் நல்ல கொடுவா விழுந்தால் அன்று அந்த வீட்டில் திருநாள். நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுள் பலர் அத்தகைய வீடுகளிலிருந்து வருபவர்கள். மீன் வளர்ப்பு என்பது அவர்களுக்கு வெறும் சொல் அன்று, நாளைய சோறு.

1997இல் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் கொடுவாவை வளர்ப்பிடத்திலேயே இனப்பெருக்கம் செய்வித்தது. இந்தியாவில் அதுவே முதன்முறை. எனினும் பொரித்த குஞ்சைப் பிழைக்க வைப்பது தனி வித்தை. இரண்டு மூன்று நாள்களில் அதற்கு வாய் திறந்துவிடும். இரைப்பையோ ஏறத்தாழ மூன்றாம் வாரத்தில்தான் வேலை செய்யத் தொடங்கும். அதுவரை அமிலமும் இல்லை, பெப்சினும் இல்லை. கணையச் சாறும் குடலுமே துணை. பெரிய மீனுக்குரிய தீவனத்தைப் பொடித்து ஊட்டினால் குடல் நிறைந்தும் பட்டினிதான். ஆதலால் முதலில் ரோட்டிஃபர், பின்னர் ஆர்ட்டீமியா என்று உயிருள்ள நுண்ணிரைகளை ஊட்டுகிறார்கள்.

பிரான்சில் சம்போனினோ இன்ஃபாந்தேயும் காயூவும் 1997இல் வெளியிட்ட ஆய்வொன்று நம்மைச் சிந்திக்க வைத்தது. ஐரோப்பிய ஸீபாஸ் குஞ்சுகளின் உணவில் புரதத்தின் மொத்த அளவை அவர்கள் மாற்றவில்லை. அதில் ஒரு பங்கை மட்டும், இரண்டு மூன்று அமினோ அமிலங்கள் கோத்த சிறு துணுக்குகளாகத் தந்தார்கள். குடல் முந்தி முதிர்ந்தது. முதுகெலும்புக் கோணலும் குறைந்தது. அவ்வாறெனில் முழுவதையும் துணுக்காக்கிவிடலாமே? கூடாது. துணுக்குகள் மிகுந்தால் வளர்ச்சி குன்றுவதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

நம் பக்கத்தில் ஏத்தங்காயை உலர்த்திப் பொடித்துக் குழந்தைக்குக் கூழ் காய்ச்சுவார்கள். பல் முளைத்த பிறகும் கூழையே ஊட்டிக்கொண்டிருப்பவர் எவருமிலர்.

வகுப்பறையிலும் இதே கணக்குத்தான். சங்கப் பாட்டைச் சீர் பிரிக்காமல் கொடுத்தால், கடற்கரையிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளை பசியோடு எழுந்து போகிறது. ஈராண்டும் பொழிப்புரையாகவே ஊட்டினால், தேர்வில் வென்று, தானாக ஒரு பாட்டைப் படிக்க இயலாமல் வெளியேறுகிறது. இரண்டு வகையினரையும் நாம் கண்டிருக்கிறோம்.

எவ்வளவு பிரித்துக் கொடுப்பது, எந்த மாதத்தில் நிறுத்துவது? மீனுக்கு அதை அளந்து சொல்ல ஆய்வுக்கூடம் இருக்கிறது. நமக்கு எதிரே இருக்கும் முகங்கள்தாம் அளவு.